இல்லதானே?

எட்டுத் தெருவுக்கும் அவள் தராசக்காதான். கைக்குழந்தைகளை எடைபோடும் தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு வருஷமாக வீடுவீடாக ஏறி இறங்கும் சுகாதாரப் பணியாளருக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? கோபம் வந்தால் புருஷனே அப்படித்தான் கூப்பிடுவான். சரியான வாய்க்காரி. மாத்திரைக்கு டிமிக்கி கொடுக்கிற ஆளை வாசலிலேயே நிறுத்தி விழுங்க வைத்துவிட்டுத்தான் நகர்வாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு கேள்வி மட்டும் தொண்டையில் சிக்கும்.

பிரசவமான பெண்களிடம் கேட்கவேண்டிய தாளில் அது கடைசிக் கேள்வி. சாகவேண்டும் என்று தோன்றுகிறதா? பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவளிடம் இதை எந்த வாயால் கேட்பது? அதற்குத் தராசக்கா ஒரு வழி வைத்திருந்தாள். போகிறபோக்கில், சிரித்துக்கொண்டே, "அந்த மாதிரி நினைப்பெல்லாம் ஒண்ணும் இல்லதானே?" என்பாள். "இல்லக்கா" என்பார்கள். 'இல்லை'க்கு நேராக ஒரு டிக். வேலை முடிந்தது.

சுகாதார நிலையத்து மாடியில் நடந்த பயிற்சியில்தான் குட்டு உடைந்தது. மனச்சோர்வை எப்படிக் கண்டுகொள்வது என்று சொல்லிக்கொடுக்க வந்த நர்ஸ், அவளைவிடப் பத்து வயது சின்னவள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்கச் சொன்னாள். தராசக்கா தன் பாணியில் கேட்டதும் நர்ஸ் நிறுத்தினாள்.

"அக்கா, பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்களே. 'இல்லதானே'ன்னு கேட்டா யாரு 'இருக்கு'ன்னு சொல்லுவாங்க?"

அறையே சிரித்தது. "நேராக் கேட்டா, உன் வாயில நல்ல வார்த்தையே வராதான்னு திட்டுவாங்க சிஸ்டர்" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

"நெருப்புன்னா வாய் வெந்துடாது. நாம கேக்குறதால யாருக்கும் அந்த நினைப்பு புதுசா வந்துடாது. ஏற்கெனவே இருக்கிறவங்க அதை வெளியில சொல்லுவாங்க, அவ்வளவுதான்."

தராசக்கா சிரிக்கவில்லை. நாலு மாசத்துக்கு முன்னால் போன தையல்காரி வீடு கண்ணுக்குள் வந்து நின்றது. முதல் பிரசவம். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, பிள்ளையைப் பார்த்து ஒரு சிரிப்பு கிடையாது. ஏதோ சொல்ல வாயெடுத்தவளிடம் இவள் அந்த 'இல்லதானே'வைக் கேட்டு வைத்தாள். வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். "இல்லக்கா." அதிலிருந்து ஒன்பதாம் நாள் அவள் உயிரோடு இல்லை. அந்தத் தாள் இன்னும் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது, இவள் போட்ட டிக்கோடு. யாரும் இவளைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை எடைபோட வேறொருத்தியை அனுப்பிக்கொண்டிருந்தாள். பயிற்சி முடிந்த மறுநாள் காலை தானே போனாள். பிள்ளையின் அப்பன் வேலைக்குப் போயிருந்தான். செத்துப்போனவளின் தங்கைதான் பிள்ளையை வளர்க்கிறாள். அக்காவின் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு எடை ஏறியிருந்தது, வளர்க்கிறவள் எலும்பும் தோலுமாக இருந்தாள். நூல் அறுந்து தொங்குவதுகூடத் தெரியாமல் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"தூங்குறியா?"

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. தராசக்காவின் நாக்கு பழைய தடத்துக்கே ஓடியது. இழுத்துப் பிடித்தாள்.

"செத்துடலாம்னு தோணுதா?"

மிஷின் நின்றது.

"தோணுது. தினமும் தோணுது."

தராசக்காவுக்குப் பயம்தான், வேறென்ன. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. திட்டவில்லை, 'பிள்ளை முகத்தைப் பாரு' என்று புத்தி சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லச் சொல்லக் கேட்டாள். பிறகு நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"இப்பவே கூட்டிட்டு வாங்கக்கா. ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க" என்றாள் நர்ஸ்.

வண்டியில் பிள்ளை தராசக்காவின் மடியில் தூங்கியது. பாதி வழியில் அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க அக்காகிட்டயும் இப்படித்தான் கேட்டீங்களா?"

'ஆமாம்' என்று சொல்லிவிடலாம். தாளில் டிக் இருக்கிறது.

"இல்லம்மா" என்றாள் தராசக்கா. "இப்படிக் கேக்கல."