அக்கா மலையில் விட்டுவந்த பின்னல்

அக்காவின் மொட்டைத் தலையைப் பற்றி இன்று யார் யாரோ என்னென்னவோ சொல்கிறார்கள். துணிச்சல் என்கிறார் ஒருவர், புரட்சி என்கிறார் இன்னொருவர். கிட்டாரை மாட்டிக்கொண்டு அவள் மேடைக்கு வந்தால் ஹைதராபாத்துப் பெண்பிள்ளைகள் வீல் வீல் என்று அலறுகிறார்கள். அவளைப் பார்த்து மொட்டை அடித்துக்கொண்டவர்களும் உண்டாம். அட போங்கப்பா! அந்த ஸ்டைலைக் கண்டுபிடித்தது எங்கள் அம்மா.

அப்போது எனக்கு எட்டு வயது. திருப்பதிக்குப் பக்கத்தில் புத்தூரில் இருந்தோம். நைனாவுக்கு ஊருக்கு வெளியே மாந்தோப்பு. அக்கா தினமும் பஸ்ஸில் திருப்பதி காலேஜுக்குப் போய் இண்டர், அதாவது ப்ளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் அவள் பின்னலின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். நான் புரண்டு படுத்தால் அவளுக்கு வலிக்கும். "விடுடி சனியனே" என்பாள். விட்டுவிட்டால் அவளே எடுத்து என் கையில் கொடுப்பாள்.

காலேஜில் நாலு பையன்களோடு சேர்ந்து அவள் பாடுவது எங்களுக்குத் தெரியாது. காலேஜ் விழாவில் பாடியதை எவனோ ஃபோனில் பிடித்துப் போட்டுவிட்டான். அது ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் பால்காரர் ஃபோன் வழியாக எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. தொண்டை கிழிய, தெலுங்கில், காலால் தரையை உதைத்துக்கொண்டு பாடுகிறாள். நைனா இரண்டு முறை பார்த்தார். "நல்லாதான் கத்துது நம்ம பொண்ணு" என்று மெதுவாகச் சொன்னார். அம்மா முறைத்ததும் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

பின்னாலேயே ஹைதராபாத்திலிருந்து அழைப்பு வந்தது. டிவியில் பாட்டுப் போட்டி. தேர்வானால் அங்கேயே தங்கிவிட வேண்டும். அக்கா ஜெயிக்கவும் வேண்டும், போகவும் கூடாது என்று நான் சாமியிடம் கேட்டுக்கொண்டேன். அம்மா ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். குதிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"போய்க்கினு வா. ஆனா சாமி கடன் ஒண்ணு பாக்கி கீது. கொழந்தையில உனக்கு ஜுரம் வந்து கண்ணு சொருகிக்கினு கெடந்த. முடி தர்றேன்னு மலையானுக்கு வேண்டிக்கினேன். அத குடுக்காம ஊரு தாண்டக் கூடாது."

வட்டியோடு வசூல் பண்ணுகிற சாமி அவர். அவர் பேரைச் சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் மறுபேச்சு கிடையாது. நைனாவே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரே, எப்ப போலாம்?" என்றாள்.

திருமலையில், மொட்டை போடும் மண்டபத்தில், முடி எடுக்கிற அம்மாள் தங்கம் மாதிரி முடியென்று தெலுங்கில் அங்கலாய்த்துக்கொண்டே தண்ணீர் தெளித்தாள். அக்கா குனிந்து உட்கார்ந்து எதையோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். அழுதது அம்மாதான். பக்தி என்று நினைத்தேன். பின்னல் கீழே விழுந்ததும் நான் அதன் நுனியைப் பிடித்துவிட்டேன். "சாமி சொத்துடி, வுடு" என்று அம்மா என் விரல்களைப் பிரித்தாள்.

நைனாதான் அக்காவை ஹைதராபாத்துக்குக் கூட்டிப்போனார். அவர்கள் திரும்பி வரும் நாளென்று அம்மா களி கிண்டி, அக்காவுக்குப் பிடித்த கோழிக்குழம்பும் வைத்தாள். பஸ்ஸிலிருந்து நைனா மட்டும் இறங்கினார். "மொட்டத்தலையோட பாடினதுக்கே எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. இப்டியே இருக்கணும், வளத்துக்காதன்னு சொல்லிட்டாங்க" என்றார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்குக் களி கல்லாகிப் போனது, யாரும் தின்னவில்லை.

அதற்கப்புறம் அக்கா எங்கள் வீட்டுப் பெண்ணாக வந்ததே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை காரில் வருவாள், தெருவே கூடிவிடும், டீ ஆறுவதற்குள் கிளம்பிவிடுவாள். எனக்கு என் அக்கா வேண்டியிருந்தது. ரொம்ப நாள் வரைக்கும் தூக்கத்தில் என் கை தலையணை மேல் எதையோ தேடிக்கொண்டே இருக்கும்.

போன புரட்டாசியில், தானும் முடி கொடுக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். நான்தான் மலைக்குக் கூட்டிப்போனேன். "இந்த வயசுல உனக்கு இன்னாம்மா வேண்டுதல்?" என்று கேட்டேன்.

"பொய் சொன்னதுக்குடி" என்றாள். "அப்ப வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொட்டச்சிய எவன் மேடை ஏத்துவான்? முடி வளர்ற வரைக்கும் ஊட்டோட கெடப்பா, ஆசையும் அடங்கிடும்னு பாத்தேன். மலையான் பேர்ல பொய் சொன்னா சும்மா வுடுவானா? முடிக்குப் பதிலா பொண்ணையே எடுத்துக்கினான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவகிட்ட மட்டும் சொல்லிடாத. தெரிஞ்சா இந்தப் பக்கமே வரமாட்டா."

அக்கா மொட்டை போட்ட அன்றைக்கு மலை இறங்கிய பஸ் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. அம்மா முன் சீட்டில் இருந்தாள். நான் அக்காவின் மடியில் படுத்து, வழக்கம்போலப் பின்னலைத் தேடி, அது இல்லாமல் அழுதேன். அக்கா குனிந்தாள். தலையில் பூசிய சந்தனம் வாசனை அடித்தது.

"அழாதடி. ஜுரம் வந்து கண்ணு சொருகிக்கினு கெடந்தது நானில்ல, நீ. எனக்கு நல்லா ஞாபகம் கீது" என்று காதோடு சொன்னாள்.

"அப்ப நீ எதுக்குக்கா முடி குடுத்த?"

"அம்மா கேட்டுச்சி இல்ல?"

நான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. அக்காதான் ஏதோ மாற்றிச் சொல்கிறாள் என்று நினைத்து, அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தூங்கிப்போனேன்.