மருந்து படாத கொழுந்து

டோரீனின் கைகள் ஐஸுக்குள் புதைத்த கல்வத்தில் தேயிலைக் கொழுந்தை அரைத்துக்கொண்டிருந்தன. விரல் நுனிகள் மரத்து வெளுத்திருந்தன. ஆனாலும் நிறுத்த முடியாது. சூடேறினால் கொழுந்து சிவந்துவிடும். சிவந்தால் எல்லாம் போச்சு.

எழுபத்தொன்பதாம் வருஷம். இலங்கையில் தலவாக்கலைக்கு மேலே ஒரு சின்னத் தேயிலை ஆய்வுகூடத்தில் டோரீன் தற்காலிக உதவியாள். அதற்கு முன் மலையில் கொழுந்து பறித்தவள். கொழுந்தைச் சிவக்க வைக்கும் நொதியைப் பிரித்தெடுப்பதை மற்றவர்கள் செய்யப் பார்த்தே பழகியிருந்தாள்.

அந்த நொதிக்குள் செம்பு அணுக்கள் இரண்டிரண்டாக அருகருகே இருப்பதாக ஆய்வுகூடத்தை நடத்திய ஜோர்ஜ் சேர் நம்பினார். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். ஒன்று மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்கும். ஒன்றின் காந்தத்தை மற்றது அடக்கிவிடும். வெளிநாட்டுக் கருவியில் வைத்தால் செம்பு இருப்பதே தெரியக்கூடாது. தெரிந்தால் அது ஜோடி உடைந்த செம்பு, இல்லையென்றால் வெளியிலிருந்து கலந்த செம்பு. இதைச் சொல்லும்போதெல்லாம் சேர் அவளுடைய கையைத்தான் பார்ப்பார். அந்தப் பார்வைக்கே அவளுக்குப் பயம். மாதிரி கெட்டால் மறுபடி மலையும் கூடையும்தான்.

தேயிலை இலையில் விழும் கொப்புள நோய்க்குத் தோட்டம் முழுக்கச் செம்பு மருந்து அடிப்பார்கள். ஆய்வுக்கென்று ஒரு துண்டு நிலத்தை மட்டும் மருந்தில்லாமல் விட்டிருந்தார்கள். காலையில் அங்கே பறித்துத் தந்தவள் டோரீனின் பக்கத்து லயத்து வரிசைவீட்டு நாகலெட்சுமி. வெறும் கூடையை எடுக்க வந்தவள் கதவடியில் நின்று சிரித்தாள்.

"கொழுந்து நல்லா இருந்திச்சாக்கா? அந்தத் துண்டுல பாதி கொப்புளம். அதைப் போயி உங்க கையில குடுப்பேனா? பக்கத்து மலையில நல்லதா பறிச்சுக் கலந்துட்டேன்."

டோரீனின் கை நின்றது.

நாகலெட்சுமியைச் சொல்லிக் குற்றமில்லை. நோய்க்கொழுந்தோடு தராசுக்குப் போனால் கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவான். அதை ஒதுக்குவது விரலுக்கே பழகிப்போன காரியம். ஆனால் பக்கத்து மலைக்கு முந்தாநாள்தான் மருந்து அடித்திருந்தது. எப்படிக் கழுவினாலும் தளிரின் பூனைமயிரில் ஒட்டிய செம்பு முழுதாகப் போகாது.

கல்வத்திலிருந்த விழுது பச்சைப்பசேலென்று அழகாகத்தான் இருந்தது. மாதிரியை எடுத்துக்கொண்டு பிற்பகல் ரயிலுக்கு சேர் புறப்படுகிறார். பேசாமல் கொடுத்துவிட்டால் இன்றைக்குத் தப்பலாம்.

"யாரும் பாக்கலையேக்கா," என்றாள் நாகலெட்சுமி, சிரிப்பு போன முகத்தோடு.

"மெசினு பாக்கும்டி."

அரைத்ததைக் கொட்டினாள். இருவரும் மருந்தடிக்காத அந்தத் துண்டுக்கு ஓடிப்போய்க் கொப்புளம் விழாத தளிராகப் பொறுக்கினார்கள். மடி நிறையவில்லை. டோரீன் கல்வத்தை ஆசிட் விட்டுக் கழுவி மறுபடி அரைத்தாள், துணியில் பிழிந்தாள், குளிர்ந்த அசிட்டோனில் படியவிட்டு உலர்த்தினாள். கதவு கிறீச்சிட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்தாள்.

வாசலில் ஜீப் வந்து நின்றபோது, போத்தலின் அடியை மூடும் அளவுக்குத்தான் தூள் தேறியிருந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் சேர்.

"முதல்ல அரைச்சதுல மருந்து பட்ட கொழுந்து கலந்துருச்சுங்க சேர். கொட்டிட்டேன். இது சுத்தம்."

வழக்கம்போல அவர் அவளுடைய கையைத்தான் பார்த்தார். பிறகு மாதிரி கொண்டுபோகும் ஐஸ்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார். டோரீன் போத்தலை ஐஸுக்குள் ஆழமாகச் செருகிவிட்டுக் கையை எடுத்தாள்.