குனிந்தால் பச்சை

கமலா அக்காவை எங்கள் குழு கொன்றது. அந்தக் குழுவில் சம்பளம் வாங்குபவர்களில் நானும் ஒருத்தி.

நெடுந்தீவிலிருந்து அவரது மகள் அழைத்துச் செய்தி சொன்னபோது அலுவலகத் திரையைப் பார்த்தேன். இதயத் துடிப்பை அளந்து வானலையில் எங்களுக்கு அனுப்பவும், அது பிசகினால் நாங்கள் உதவி அனுப்பவுமென்று அவரது நெஞ்சில் நாங்கள் ஒட்டிய வில்லை எதையும் அனுப்பியிருக்கவில்லை. அவரது பெயருக்கு எதிரே "அணியவில்லை" என்று இருந்தது.

"ஒட்டினபடிதான் கிடந்தவ," என்றாள் மகள்.

ஓய்வுபெற்ற தபாலதிபரான அவர்தான் தீவில் முதலில் வில்லை ஒட்ட முன்வந்தவர். தங்கம் மேலே கிடந்தால் அலை சரியாக வெளியேறாது. அது எங்களுக்குத் தெரியும். அதனால் சோதனைக்காகத் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னேன்.

"புருசன் உயிரோட இருக்கேக்கை கொடியைக் கழட்டச் சொல்லுறீர். நல்லாத்தான் படிச்சிருக்கிறீர், பிள்ளை." முறைத்தபடியே கழற்றினார். "இப்ப வேலை செய்யும். நான் கழட்டாத நாளிலை?"

திட்டத் தலைவர் சிரித்தார். அறிக்கையில் "வெற்றி" என்று எழுதினோம். கொடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வில்லையின் அலை கிடைத்தால் அணிந்தவரின் போனில் பச்சை விளக்கு எரியும். சில வாரங்களில் அவரே அழைத்தார். "முற்றம் கூட்டக் குனிஞ்சால் கொடி விலகித் தொங்குது, போனிலை பச்சை எரியுது. நிமிர்ந்தால் நூர்ந்துபோகுது. படுத்தால் இல்லவேயில்லை. சாகிறவள் குனிஞ்சு நிண்டோ சாகவேணும்?"

தலைவரிடம் சொன்னேன். "அந்த மனுசிக்கு அலையைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். கமலா அக்கா படுக்கையில், கொடி நெஞ்சில் கிடக்க, இதயம் நின்று இறந்தார்.

செத்தவீட்டில் தலைவர் மலர்வளையம் வைத்து, அவரை "முன்னோடி" என்றார். அக்கா எழும்பியிருந்தால் அந்த வளையத்தைப் பிடுங்கி எறிந்திருப்பார்.

பச்சை எரிந்த நேரம், நூர்ந்த நேரம் எல்லாவற்றையும் தபால் கந்தோர்ப் பழக்கத்தில் அவர் குறித்துவைத்த கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். அதன் படியைத் தலைவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

தீவில் இன்னும் எட்டுப் பெண்கள் கொடியும் வில்லையுமாகப் படுக்கிறார்கள். கொடி மேலே கிடந்தால் வில்லை வேலை செய்யாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "சேர் நல்ல சாமான் எண்டவர், பிள்ளை. அவர் வந்து சொல்லட்டும்," என்கிறார்கள். அவர்களுக்குத் தலைவர்தான் சேர்.

சேர், குறிகட்டுவான் துறையிலிருந்து தீவுக்குத் தினமும் படகு இருக்கிறது. வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். எப்போது வருகிறீர்கள்?