மோரில் ஊறிய கிழங்கு

சென்ற வாரம் ஒட்டுசுட்டானுக்குப் போயிருந்தேன். செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவு வீடு. செத்தவரை எனக்குத் தெரியாது. அவருக்கு என்னைத் தெரியும்.

பெயர் செல்லையா. வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து வயல் செய்தவர். இந்தப் பத்தியை வாரம் தவறாமல் கேட்பாராம். ஆம், கேட்பார்... அவருக்கு எழுத்து வராது. மனைவி பாக்கியம் வாசித்துக் காட்டுவார்.

படலைக்குள் கால் வைத்ததும், “பேப்பரில எழுதிற மாஸ்டர் வந்திருக்கிறார், கதிரையைப் போடுங்கோ” என்றார்கள். அந்த வீட்டில் இருந்ததே ஒரு கதிரைதான். வெட்கமில்லாமல் அதில் உட்கார்ந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன் நான் எழுதியது ஞாபகமிருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து ஆளைக் கிடத்துகிற வாதத்துக்குக் கொல்சிசின் என்றொரு மாத்திரை. கிழங்கிலிருந்து வடித்ததை, கிழங்கே இல்லாமல் ஆய்வுகூடத்தில் கட்டிவிட்டார்கள் என்று எழுதினேன். அணுக்களால் ஆன இரண்டு வளையங்களை ஒரே பிணைப்பால் நேராகக் கோக்க வேண்டும். அந்த இரண்டும் சற்றே முறுகி நிற்க வேண்டும். அதற்குத்தான் விஞ்ஞானிகள் வருடக்கணக்காக மல்லுக்கட்டினார்கள். இப்படி வளையத்தோடு வளையம் கோத்த பொருள்களில் இன்னும் என்னென்ன மருந்து கிடக்கிறதோ என்று தேடுகிறார்கள்...

அதோடு நின்றேனா? இல்லை. “நமது வேலியில் பூக்கிற கார்த்திகைப்பூவின் கிழங்கிலும் இதே சரக்குத்தான். நாமோ மருந்து வரும் கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்!” என்று ஒரு நக்கல் வேறு.

செல்லையாவுக்கு அதே பெருவிரல். அதே வீக்கம். வயல் வெட்டுக்கு நிற்கிறது, மனிதரால் நிலத்தில் கால் ஊன்ற முடியவில்லை. பாக்கியம் மூன்று முறை டிஸ்பென்சரிக்கு நடந்தார். மூன்று முறையும், “மருந்து முடிஞ்சுது, வந்தால் தாறம்.” அந்த நேரம் பார்த்து என் பத்தி வந்தது.

கிழங்கு நஞ்சு என்று நான் எழுதவில்லையா? எழுதினேன் ஐயா, எழுதினேன். கடைசி வரியில்! “அந்த மருந்தேதான் அந்த நஞ்சு. ஆளைத் தேற்றுவதும் கொல்வதும் அளவு மட்டுமே. ஆகவே கிழங்கில் கை வைக்காதீர்கள்.” பத்தியைச் சுருக்கென்று முடிக்க வேண்டுமே! அந்த வரி ஏழாம் பக்கத் தொடர்ச்சிக்குப் போய்விட்டது.

அந்தக் குடியேற்றத்தில் பத்திரிகை ஒன்றுதான் வரும். தாள் தாளாகப் பிரித்து வீட்டுக்கொன்றாய்க் கொண்டுபோவார்கள். மறுநாள் மாற்றிக்கொள்வார்கள். பத்தி தொடங்கும் முதல் தாள் பாக்கியத்திடம். ஏழாம் பக்கம் பக்கத்துக் காணி மயில்வாகனத்திடம்.

“மத்தியானம் நான் மற்றத் தாளைக் கொண்டு வரேக்கை, இவரை வண்டிலில ஏத்திக்கொண்டு நிக்கினம், மாஸ்டர்,” என்றார் மயில்வாகனம். வாந்தியும் வயிற்றோட்டமும் நிற்கவேயில்லையாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செல்லையா போய்விட்டார்.

எழுதுகிறவனுக்குத் தன் கடைசி வரிமேல் இருக்கிற காதல் இருக்கிறதே... அதைப்போல ஒரு கேடுகெட்ட காதல் உலகத்தில் கிடையாது. ஆளைக் காப்பாற்றுகிற வார்த்தையை அலங்காரத்துக்கு ஒளித்து வைத்தவன் நான். இதை எந்தப் பரீட்சையிலும் யாரும் என்னிடம் கேட்கப் போவதில்லை.

பாக்கியம் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“கார்த்திகைக் கிழங்கு நஞ்செண்டு எனக்குத் தெரியாதே, மாஸ்டர்? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நீங்கள் மருந்தெண்டு எழுதினியள். அதுதான் மெல்லிசாச் சீவி, உப்புப் போட்டு, விடிய விடிய மோரில ஊற வைச்சனான். நஞ்சு மோரோட போயிடும், மருந்து கிழங்கில நிண்டிடும் எண்டு நினைச்சன்.”

நாட்டு வைத்தியர்கள் சரக்கைச் சுத்தி செய்கிற முறை அது. அவர் கை அசட்டையாக எதையும் செய்யவில்லை. நஞ்சும் மருந்தும் வேறு வேறு என்று நம்பினார், அவ்வளவுதான். அப்படி இல்லை, இரண்டும் ஒரே பொருள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஏழாம் பக்கத்துக்கும் தெரிந்திருந்தது.

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி கேட்டார்:

“மோர் புளிச்சது காணாதோ, மாஸ்டர்? இன்னும் ரெண்டு நாள் ஊற விட்டிருந்தால் இந்த மனுசன் இருந்திருப்பாரோ?”

ஓம் என்றால் பழி அவர்மேல். இல்லை என்றால் என்மேல்.

நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.