நாற்காலியில் மறந்த துண்டு

ஏழு வயதாகியும் என் மகள் பூவாயி என்னை ஒருமுறைகூட அப்பா என்று கூப்பிட்டதில்லை. முகத்தைப் பார்த்ததுமில்லை. அவள் அம்மா பிரசவத்திலேயே போய்விட்டாள். மலைமேல் செம்மநத்தம் ஊரில், எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நானே கேட்டு, நானே பதில் சொல்லிக்கொள்வேன். எஸ்டேட்டில் நான் காப்பிப் பழம் பறிக்கும்போது அவள் நிழலில் உட்கார்ந்து இலைகளை வரிசையாக அடுக்குவாள். அவளுக்கு நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்து நெஞ்சு வெந்துபோவேன்.

அவளுடைய அந்த ஏழு வயதில், எண்பத்தாறாம் வருஷத் திருவிழாவில் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். மேளச் சத்தத்துக்குப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். எல்லாரும் பார்த்தார்கள், யாரும் பக்கத்தில் வரவில்லை. சாமி இருக்கும் குகைக்குள் அவளோடு நுழைய முடியாமல் வெளியே பாறையோரம் நின்றபடியே வேண்டினேன்.

"இவளப் பேச வெக்கச் சொல்லிக் கேக்கலீங்க சாமி. நான் ஆருன்னு இவளுக்குத் தெரியுதான்னு மட்டும் காட்டிக் குடுங்க."

மழைக்காலம் முடிந்ததும், மலைக்குக் கீழே சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம். ஆட்டிசம் என்று பெயர் சொன்னார்.

"மருந்து ஏதும் குடுக்க மாட்டோமுங்க. குணமாயிரும்னும் சொல்ல மாட்டேன். புள்ள எப்படி இருக்கான்னு பாத்து எழுதிக்குவோம். புடிக்கலன்னா எப்ப வேணாலும் நிறுத்திக்கலாமுங்க."

சம்மதித்தேன். கூடப் பறிக்கும் பழனியம்மா விடவில்லை. "ஏனுங்கண்ணா, பெத்த புள்ளைய ஆராய்ச்சிக்கு உடறீங்களே, அது என்ன தவளையாங்க?" எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

சேலத்துக்கு பஸ்ஸில் போனோம். அந்த அறையில் ஒரு நாற்காலி, தரையில் மரக்கட்டைகள், சுவரில் பெரிய கண்ணாடி. அதன் பின்னாலிருக்கும் இருட்டறையிலிருந்து பார்த்தால் அறை முழுக்கத் தெரியுமாம். பிள்ளை விளையாடும்போது நான் எழுந்து வெளியே போக வேண்டும். அவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பார்கள். டாக்டரம்மா வந்து நின்றதும், மரியாதைக்குத் தோளிலிருந்த துண்டை எடுத்து நாற்காலியில் வைத்தேன். அப்படியே மறந்து வெளியே வந்துவிட்டேன்.

இருட்டறையில் டாக்டரம்மாவோடு நின்று பார்த்தேன். பூவாயி கட்டைகளை அடுக்கிக்கொண்டேயிருந்தாள். கதவுப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பாத்தீங்களா, நான் போனதே அவளுக்குத் தெரியலீங்க" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் எழுந்தாள். நாற்காலியைத் தடவிப் பார்த்தாள். துண்டை எடுத்து முகத்தோடு அழுத்திக்கொண்டாள். நேரே கதவுக்குப் போய், அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ, துண்ட மறந்துட்டேனுங்களே! உங்க எழுத்தெல்லாம் கெட்டுப்போச்சுங்களா?"

"துண்டு இருந்துச்சுன்னும் சேத்து எழுதிக்கறேனுங்க. மொதல்ல உள்ள போங்க. உங்களத்தான் தேடறா."

கதவை மெல்லத் திறந்தேன். பூவாயி நகர்ந்து வழிவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டைக் கீழே போட்டுவிட்டுக் கட்டைகளிடம் போய்விட்டாள். நானே வந்துவிட்டேன், இனித் துண்டு எதற்கு? அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதன்பின் பலமுறை கூப்பிட்டார்கள், போனோம். பூவாயி இன்றுவரை அப்பா என்று சொன்னதில்லை. நான் காத்திருப்பதும் இல்லை. பழம் பறிக்கப் போகும்போது துண்டை நிழலில் அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறேன். வீட்டில் இன்னமும் என் குரல் மட்டும்தான் கேட்கிறது. ஆனால் தனியாகப் பேசுகிறேன் என்று இப்போது தோன்றுவதில்லை.

இதைப் படிக்கிறவர்களில், குகைக்குள் கூட்டிப்போக முடியாத பிள்ளையை வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். திருவிழாவுக்கு வாருங்கள். வெளியே அந்தப் பாறையோரம் நாங்கள் நிற்போம், பக்கத்தில் வந்து நில்லுங்கள். அங்கே நின்று கேட்டாலும் சேர்வராயனுக்குக் கேட்கும்.