ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம்

புதுப்பட்டினத்தில் நாங்கள் மீன் வியாபாரம் செய்கிறோம். போன வருஷம் என் வீட்டுக்காரர் காலில் திருக்கை முள் குத்திச் சீழ் வைத்துவிட்டது. செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புண் ஆறிவந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். கடைசி பென்சிலின் ஊசியைப் போட்ட நர்ஸம்மா, “உடனே கிளம்பாதீங்க, அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. “தெனம் போட்ட ஊசிதானே, இன்னா ஆயிடப் போவுது? பஸ்ஸு பூடும், வா” என்று நடந்தார். நானும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

வாசலில் இருந்த டீக்கடையைத் தாண்டவில்லை, கழுத்தைச் சொறிய ஆரம்பித்தார். பார்த்தால் உடம்பெல்லாம் தடிப்பு. உதடு வீங்கிக்கொண்டே வந்தது. “மூச்சு வுட முடியல” என்று தரையில் சரிந்தார். நான் பையைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

“இன்னாம்மா பாத்துகினு கீற? காலப் புடி” என்று அதட்டிய டீக்கடைக்காரர், இவரைத் தோளில் பிடித்துத் தூக்கினார். இருவருமாக வார்டில் கொண்டுபோய்ப் போட்டோம். டாக்டரும் நர்ஸம்மாவும் அடுத்தடுத்து ஊசி போட்டார்கள். மூச்சு சீராகும்வரை நான் அவர் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பஸ்ல ஏறியிருந்தா பிழைச்சிருக்க மாட்டாரு. முன்னாடி ஒத்துக்கிட்ட மருந்தும் திடீர்னு ஒரு நாள் ஒத்துக்காமப் போகலாம். இனிமே எங்க போனாலும் இவருக்குப் பென்சிலின் ஆகாதுன்னு சொல்லிடுங்க” என்றார் டாக்டர்.

இப்போது எந்த ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன். ஊசி போட்டதும் அவர் செருப்பைக் கழற்றி என் பையில் போட்டுக்கொள்கிறேன். நர்ஸ் போகச் சொன்ன பிறகுதான் எடுத்துக் கொடுப்பேன்.