சகோதர நகரத்து விருந்தாளியும் எங்கள் அக்காவும்

வடமராட்சி மண்ணில் எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. போர் துரத்த லண்டன் வந்து, தெரிந்தவர் வீடுகளில் மாறி மாறி ஒதுங்கி, குரோய்டனில் விசாவுக்காகக் காத்துக் கிடந்து, கடைசியில் சட்டனில் ஒரு சிறு வீடு கண்டார். தம்பி தங்கைகளான எங்களைக் கரைசேர்த்த பிறகுதான் தனக்கென்று ஒரு நல்ல சேலை எடுத்தார். பொறுமைசாலி என்று எழுதினால் அக்காவே சிரிப்பார். அவருக்குக் கோபம் மூக்கு நுனியில். அது ஆறும்போது தேநீரும் வந்துவிடும்.

எங்கள் பகுதிக்கும் ஜேர்மனியில் ஓர் ஊருக்கும் சகோதர நகர உறவு இருந்தது. அங்கிருந்து வருபவர்களைத் தம் வீட்டில் தங்கவைக்க விரும்புவோர் பெயர் தரலாம் என்று நகரசபை அறிவித்திருந்தது. அக்கா பெயர் கொடுத்தார்.

"இந்தச் சின்ன வீட்டிலை அவையளை எங்கை படுக்க வைக்கிறது?" என்று நான் சினந்தேன்.

"இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு நான்தான் ஆரின்ரையோ வீட்டு விருந்தாளி, தம்பி. என்ரை வீட்டுக்கும் ஒராள் விருந்தாளியா வரட்டுமன்" என்றார்.

அப்படி வந்தவர்தான் ஹெல்கா அம்மையார். அக்கா தன் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு முன்னறையில் பாய் போட்டுப் படுத்தார். தட்டில் மிச்சம் விடாமல் உண்பது அம்மையாரின் மரியாதை. வெறுந்தட்டைக் கண்டால் புட்டுப் போடுவது எங்கள் மரியாதை. முதல்நாள் அந்த அம்மா திண்டாடிப் போனார். ஊர்களுக்கிடையிலான அந்த வருகைகள் பின்னர் நின்றுவிட்டன. அம்மையார் மட்டும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தார்.

அக்காவுக்கு நோய் முற்றியபோதும் வந்து, பக்கத்திலிருந்து கால் பிடித்துவிட்டார். "வீட்டுக்கு வாற சனத்தை எழும்பிப் போய்க் கூப்பிட ஏலாமக் கிடக்கு" என்பதே அக்காவின் பெருங்கவலை. வலியைப் பற்றி அவ்வளவு சொல்லவில்லை.

கிரியைகளுக்காக அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, வாசலில் நின்ற ஹெல்கா அம்மையார் வந்த ஒவ்வொருவரையும் கைகூப்பி, "வாங்கோ, வாங்கோ" என்றார். அக்காவைப் பார்த்துப் பழகிய தமிழ் அது. செத்தவீட்டில் யாரையும் வாவென்று அழைப்பதில்லை என்பதை அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வந்தவர்கள் திகைத்தார்கள். சித்தி பதறிப்போய், "தம்பி, அவவை உள்ளுக்குக் கூப்பிடு" என்றார். எழுந்து போனேன். அழுதழுது சிவந்த கண்களோடு அவர் அடுத்தவரை அழைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வெடித்தது. நான் தடுக்கவில்லை.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், துக்க நாட்களில் சமைத்துத் தந்த அயலவருக்கும், வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் அவருக்காக வேண்டிக்கொண்ட உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. வாசலில் கேட்ட அந்த வார்த்தையால் எவர் மனமாவது சங்கடப்பட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். அன்று உங்களை வரவேற்க அக்காவால் இயலவில்லை. அவருக்காக அவருடைய விருந்தாளி வரவேற்றார்.

— தம்பி